தெக்க தலை வெச்ச நாத்து

ஆனி 12, வியாழன்

நூத்தியெட்டு முருகா எழுதி முடிச்சாச்சு. பக்கத்துல பாதி மிச்சம் கெடக்குது. பூச்சி மருந்துக்கடைக்காரரு அண்ணனுக்குக் குடுத்த டைரி, கெட்டி அட்டை, நல்ல தாளு. வெறுமனே விட மனசு வரல. மிச்ச எடத்துல ஊட்டுச் சங்கதிய எழுதி வெக்கறன். இந்த ஊட்டுல நாம் பேசுனா காது குடுத்துக் கேக்க ஆரு இருக்கறா? அப்பன் முருகனாச்சும் படிக்கட்டும்.

இன்னிக்குத் தக்காளி நாத்து வந்து எறங்குச்சு, தட்டுத் தட்டா. கொண்டாந்தது அண்ணன் மருமக மேகலாவோட அப்பன். நாத்துப்பண்ணையில வண்டி ஓட்டறாரு. சம்பந்தியாச்சேன்னு வாங்கன்னு சொல்லி காப்பி குடுத்தன். டம்ளரக் கீழ வெக்கறதுக்குள்ள, "நாளைக்கு நாளன்னிக்குள்ள நட்டுருங்க அம்மிணி, நாத்துக்கு இப்பவே இருவத்தஞ்சு நாளாச்சு"ங்கறாரு. இருவத்தாறு வருசமாத் தக்காளி நடறவளுக்கு வண்டி ஓட்டறவரு நாளு சொல்றாரு. சிரிச்சு வெச்சன்.

மத்தியானம் சோறு திங்கறப்ப அவரு மக பேச்ச எடுத்தா. "மாமா, இந்தப் போகம் தோட்டத்துல நானும் ஏதாச்சும் பண்றனே."

அண்ணன் என்னையப் பாத்துச்சு. "மயிலு, நீ என்ன சொல்ற?"

"தாராளமாப் பண்ணட்டும். களை புடுங்க ஆளில்லாமத்தான கெடக்குது"ன்னன்.

"களை புடுங்க மட்டும் இல்லீங்கத்தை"ங்கறா. சிரிச்சுகிட்டே.

அத்தையாம். அவ புருசன் எங்கண்ணன் மகன். சந்துருவுக்கு நானு அத்தை. அவளுக்கு மொறைப்படி சின்னாத்தா. கல்யாணம் ஆகி எட்டு மாசமாச்சு, மொறை தெரியல. தெரியாம இல்ல, சொல்ல மனசில்ல.

அண்ணன் மோரு ஊத்திக் குடிச்சுட்டு ஒரே போடாப் போட்டுருச்சு. "இருக்கறது அர ஏக்கரா. மேக்கால பாதி மயிலு நடட்டும், கெழக்கால பாதி மேகலா நடட்டும். ஆடிப் பதனெட்டு நோம்பிக்கு நானு வந்து பாப்பன். எது நல்லா நிக்குதோ, அவங்க கையில தோட்டம் முச்சூடும். இன்னொருத்தங்க அடுப்படியப் பாத்துக்கட்டும். தெனமும் ரெண்டு பேரு பஞ்சாயத்துக் கேக்க என்னால ஆகாது."

சந்துரு தலையத் தூக்கவே இல்ல. அவங்கம்மா, எங்க நங்கையா, கண்ண மூடறப்ப அவனுக்குப் பதனஞ்சு வயசு. அன்னியில இருந்து அவனுக்குச் சோறு போட்டது நானு. ஒரு வார்த்த, "அத்தை தோட்டம்பா அது"ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.

புருசன் போனதுக்கப்பறம் ஒரு டிரங்குப் பொட்டியோட இந்த ஊட்டுக்கு வந்தவ நானு. புள்ளையுமில்ல குட்டியுமில்ல. ஊருல ஆராச்சும் கேட்டா, "நாச்சிமுத்து தங்கச்சி, தக்காளித் தோட்டம் பாக்கறாளே, அவதான்"னு சொல்லுவாங்க. தோட்டம் போச்சுன்னா என்னான்னு சொல்லுவாங்க? முருகா, நீயே பதில் சொல்லு.


ஆனி 13, வெள்ளி

மேல்நோக்கு நாளுதான். ஆனா வெள்ளிக்கெழம மண்ண வெட்டற பழக்கம் இந்த ஊட்டுல இல்ல. முருகா நூத்தியெட்டு.


ஆனி 18, புதன்

இன்னிக்கும் மேல்நோக்கு. மத்தியானத்துல இருந்து அஷ்டமி. வேண்டாம்னுட்டன்.

மேகலா காலண்டரு முன்னால வந்து நின்னுகிட்டா. "ஏனுங்கத்தை, அதென்ன மேல்நோக்கு?"

ஒண்ணும் தெரியாதவளாட்டம் கேக்கறா. பொறுமையாத்தான் சொன்னன். "மேல மொளச்சு வர்றதுக்கெல்லாம் மேல்நோக்கு நாளு. கெழங்கு வெக்க, கெணறு வெட்ட கீழ்நோக்கு. வண்டி வாகனம் எடுக்க சமநோக்கு. தக்காளி மேல போற செடி. புரிஞ்சுதா?"

"நாத்துக்குப் புரியணுமேங்கத்தை. கழுத்தப் புடிச்சுத் தூக்குன கோழியாட்டம் நீண்டுகிட்டே போகுது."

"அவசரப்பட்டு நட்டு அழுவறதுக்கு, காத்திருந்து நட்டு சாப்புடலாம்"னன்.

"அப்ப அந்த நல்ல நாளு எப்பங்க?"

"ஆனி இருவத்தொம்போது."

அப்பிடியான்னு சொல்லிட்டுப் போயிட்டா. அந்த அப்பிடியாவக் கேட்டிருக்கணும். ஊசியாட்டம்.


ஆனி 25, புதன்

தட்டுல நாத்து சாஞ்சு சாஞ்சு விழுவுது. தண்டு வெளுத்துருச்சு. ஒரு முழம் இருக்கும். அவ தெனமும் காலையில வந்து ஒவ்வொரு தட்டாத் தொட்டுப் பாத்துட்டு என்ற மூஞ்சியப் பாக்கறா. நானு பாக்காதவளாட்டம் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிகிட்டே வாசல் கூட்டுனன். கொஞ்சம் சத்தமாவே சொன்னன்.


ஆனி 29, ஞாயிறு

நட்டாச்சு! எட்டுப் பாத்தியும் முடிச்சாச்சு. கூலிக்கு வந்த எடுப்பு ரெண்டு ஆளுக. தண்டு நீளமாப் போச்சு, கொளகொளன்னு வருது, நட்டா நிக்கல. ஒவ்வொண்ணா நேரா நிமுத்தி, குதிங்காலால மண்ண மிதிச்சு மிதிச்சு நிக்க வெச்சன். இடுப்பு கழண்டு போச்சு.

நானு எந்தச் செடி நட்டாலும் குழிக்குள்ள ஒரு சிட்டிக முருகன் கோயில் துண்ணூறு போடாம மண்ணு மூடுனதில்ல. ஆளுக நட்டாலும் நானே பின்னால போயிப் போடுவன். மடியில துண்ணூறுப் பை இல்லாம தோட்டத்துல காலு வெக்க மாட்டன். கை தானாப் போகும். அதுக்குத்தான் இருவத்தாறு வருசமா பூச்சி பொட்டு இல்லாம காச்சுது. மருந்துக்கடைக்காரரு அவரு மருந்துன்னு நெனச்சுகிட்டு இருக்கறாரு.

அவ இன்னிக்கு நடல. வரப்புல உக்காந்து வேடிக்க பாத்தா. "நீ எப்ப?"ன்னன்.

"உங்க காலண்டரு பாத்துச் சொல்றனுங்கத்தை."


ஆடி 1, வியாழன்

எழுத்து கோணலா வருது. முருகா நூத்தியெட்டு பாதியில நிக்குது. மொதல்ல இத எழுதிக்கறன்.

காலையில எட்டு மணி சுமாருக்குத் தோட்டத்துப் பக்கம் போனன். கெழக்கால பாதியில அவ, சந்துரு, அவங்கப்பன், மூணு பேரும் குனிஞ்சு வேல செய்யறாங்க. என்னடா குழி தோண்டாம நீளமாப் பள்ளம் பறிக்கறாங்கன்னு கிட்டப் போயிப் பாத்தன். நாத்தோட கீழ் எலையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டு, பள்ளத்துல படுக்க வெச்சிருக்கறா. படுக்க! வேரு ஒரு பக்கம், தண்டு நீட்டமா, கொழுந்து மட்டும் நுனியில வெளிய. மேல மண்ணப் போட்டு மூடறா. எட்டுப் பாத்தியிலயும் வரிசையா. எல்லாத் தலையும் தெக்க பாத்து.

தெக்க தலை வெச்சுப் படுக்க வெச்சு மண்ணு மூடறது எதுக்குன்னு எனக்குத் தெரியும். எங்கூட்டுக்காரர அப்பிடித்தான் படுக்க வெச்சாங்க. நானு பாத்தவ.

"என்னடி பண்ற?"ன்னு கத்திட்டன்.

நிமுந்தா. மூஞ்சி பூராவும் மண்ணு. "நாத்து நீண்டு போச்சுங்களே அத்தை. இப்பிடிப் படுக்க வெச்சா மண்ணுக்குள்ள இருக்கற தண்டு முச்சூடும் வேரு விடும். பண்ணையில மிஞ்சுன நாத்த நாங்க இப்பிடித்தான் நடுவோம். கொழுந்து ரெண்டு நாளுல தானா மேல திரும்பிரும்."

"தெக்கால தலைய வெச்சு நடுவியா? பொணமா அது?"

அவங்கப்பன் மம்முட்டியப் புடிச்சுகிட்டு நின்னுட்டாரு. சந்துரு, "அத்தை, பாத்தி வடக்குத் தெக்கா ஓடுது, அதான்..."ன்னு இழுத்தான். அவ அவனப் பேச விடல. என்ற கண்ணயே பாத்து, "இன்னிக்கு சமநோக்கு நாளுங்கத்தை. படுக்க வெச்சு நட அதுதான ஏத்தது? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க"ங்கறா.

என்ற பாதியில தண்ணி கட்ட வந்த எடுப்பு ஆளுக ரெண்டும் சிரிச்சுதுக. நாலு வருசமா என்ற கையில பொரி வாங்கித் தின்ன ஆளுக.

திரும்பி வந்துட்டன். வர்ற வழியில மாரியாத்தா கோயில்ல பூசாரிகிட்டக் கேட்டன். "செடிக்கெல்லாம் தோசமில்லீங்கம்மா"ங்கறாரு, மணி அடிச்சுகிட்டே. அவரு பையன் நாத்துப்பண்ணையில வேல பாக்கறான். வேற எப்பிடிச் சொல்லுவாரு?


ஆடி 3, சனி

அவ பாத்தியில கொழுந்து மேல திரும்பிருச்சு. படுத்துக் கெடக்கறதுக தலைய மட்டும் தூக்கிப் பாக்குதுக. எனக்கு அதப் பாக்கவே புடிக்கல. நாளைக்குக் கிருத்திகை. எல்லாரும் மலைக்குப் போறாங்க. எனக்குக் காலு வலி, வரலைன்னுட்டன். முருகன் கிருத்திகைக்கு நாம் போகாம இருக்கறது இதுதான் மொதத் தடவ. அண்ணன் ஆச்சரியமாப் பாத்துச்சு.


ஆடி 4, ஞாயிறு

ஆடிக் கிருத்திகை. வெரதம். ஊடு வெறிச்சுன்னு கெடந்துச்சு.

மத்தியானத்துக்கு மேல தோட்டத்துல கொஞ்சம் வேல இருந்துச்சு.

உசுருள்ளதப் படுக்க வெச்சு மூடறது பாவம். அத ஆராச்சும் ஒருத்தரு நெனைக்கணுமில்ல. எல்லாத்துக்கும் நேரமில்ல. காத்து வேற ஆரம்பிச்சுருச்சு, மலைக்குப் போனவங்களும் வந்துருவாங்க.

நெகத்துக்குள்ள புகுந்த மண்ணு போக மாட்டேங்குது. முருகா இன்னிக்கு எழுதல. கை வலி.


ஆடி 5, திங்கள்

காலையில அவ ரொம்ப நேரம் தோட்டத்துல நின்னுட்டு வந்தா. அடுப்படியில நானு ராகி கிண்டிகிட்டு இருந்தன்.

"அத்தை, நேத்து தோட்டத்துப் பக்கம் வந்தீங்களா?"

"காலு வலிக்குதுன்னு சாமிக்கே போகாதவ தோட்டத்துக்கு எப்பிடிப் போவன்?"

"அதான பாத்தன்."

சொம்புல தண்ணி மோந்து குடிச்சா. குடிக்கறப்பவும் என்ற கையவே பாத்தா. சத்தம் போடுவா, சந்துருகிட்டச் சொல்லுவா, அண்ணன்கிட்டப் போயி அழுவான்னு நெனச்சன். ஒண்ணும் பண்ணல. சண்ட போட்டாலாச்சும் பதிலுக்கு நாலு கேக்கலாம். இவ ஒரு மாதிரி.


ஆடி 9, வெள்ளி

காத்து. மொத ஆடி வெள்ளி போனதுல இருந்து காத்துத்தான். பாலக்காட்டுக் கணவாயில இருந்து அப்பிடியே ஆள அள்ளிட்டுப் போற காத்து. மாவெளக்குப் போட்டன், திரி நிக்கல. மூணு தடவ ஏத்துனன். சகுனம் அது இதுன்னு எதயும் எழுத மாட்டன்.


ஆடி 10, சனி

காத்து. கூரைத் தகரம் ஒண்ணு கழண்டு ஊட்டுக்குப் பின்னால பொடக்காணியில விழுந்துச்சு.


ஆடி 12, திங்கள்

இன்னிக்குத்தான் தோட்டத்துக்குப் போனன். ரெண்டு நாளாப் போகல, போகத் தைரியமில்லைன்னு இல்ல, ஊட்டுல வேல.

என்ற எட்டுப் பாத்தியும் போச்சு. நெட்ட நெட்டையா நிக்க வெச்சதெல்லாம் மண்ணு மட்டத்துல முறிஞ்சு, கெழக்க பாத்துப் படுத்துருச்சு. துணியத் துவைச்சுக் காயப்போட்டாப்புல. ஒண்ணக் கையில எடுத்தன். துண்ணூறு போட்டு நட்டது. முருகா, நீ என்ன பாத்துகிட்டு இருந்த?

அவ பாதியில ஒரு சாணுக்கு மேல ஒண்ணும் நிக்கல, அதனால காத்துக்குப் புடிமானம் கெடைக்கல. கரும்பச்சையா, தரையோட தரையாக் கெட்டிமா உக்காந்திருக்குதுக.

நாலாவது பாத்தி மட்டும் விழுந்து கெடக்குது. மூணாவது நிக்குது. அஞ்சாவது நிக்குது.

அதப் பத்தி எனக்கு என்ன தெரியும்.


ஆடி 17, சனி

நாளைக்கு நோம்பி. அண்ணன் வந்து பாக்கற நாளு. கச்சாயம் சுட்டன், ரெண்டு ஈடு கருகிப் போச்சு. சந்துரு தின்னுட்டு, "நல்லாருக்குதுங்கத்தை"ன்னான். கருகுனத நல்லாருக்குதுங்கறான். பொண்டாட்டிகிட்டக் கத்துகிட்டான், மூஞ்சிக்கு நேரா ஒண்ணு, மனசுல ஒண்ணுன்னு பேசறதுக்கு.

முருகா, தோட்டம் மட்டும் போகக் கூடாது. வேற எதும் கேக்கல. மூணு மலைக்கு நடந்தே வர்றன்.


ஆடி 18, ஞாயிறு

நடந்தத நடந்தபடி எழுதறன்.

வாய்க்காலுக்குப் பூசை முடிச்சுட்டு நாலு பேரும் தோட்டத்துக்குப் போனோம். அண்ணன் மொதல்ல என்ற பக்கம் பாத்துச்சு. நானு முந்திகிட்டன். "அண்ணா, காத்து மேக்க இருந்துதான வந்துச்சு? மேக்கால பாதி என்றது. மொத அடி என்ற மேலதான விழுந்துச்சு? நானு தடுத்த காத்துலதான் அவளது நிக்குது. எடத்த மாத்திக் குடுத்திருந்தா அவளது விழுந்திருக்கும்."

அண்ணன் தாடையச் சொறிஞ்சுது. "அதுவும் ஞாயந்தான்"னுச்சு.

எனக்கு உசுரு வந்துச்சு. இன்னும் ஒரு நிமிசம் அங்கயே நின்னிருந்தா போதும், இன்னொரு போகம் பாக்கலாம்னு சொல்லியிருக்கும். அண்ணன் நடந்துருச்சு, கெழக்கால பாதிப் பக்கம்.

"இதென்ன, நடுவுல ஒரு பாத்தி மட்டும் கெடக்குது? ரெண்டு பக்கமும் நிக்குதே. இங்க மட்டும் காத்து எப்பிடி வந்துச்சு?"

"அவ நட்ட லட்சணம்"னன். வாய்ல அதுதான் வந்துச்சு.

மேகலா குனிஞ்சு மூணாவது பாத்தியில ஒரு செடியத் தோண்டி எடுத்தா. மண்ண ஒதறிக் காட்டுனா. படுத்துக் கெடந்த தண்டு முச்சூடும் வேரு, வெள்ளை வெள்ளையா, சீப்புப் பல்லாட்டம். ஒரு முழத்துக்கு வேரு. அப்பறம் நாலாவது பாத்தியில ஒண்ணப் புடுங்குனா. இழுத்ததும் வந்துருச்சு. தட்டுல இருந்தப்ப எத்தன வேரோ அத்தனதான். கட்டவெரல் தண்டிக்கு ஒரு உருண்டை.

"இது ஏம்மா இப்பிடி?"ங்குது அண்ணன்.

"இத நிமுத்தி நட்டிருக்குதுங்க மாமா."

"ஆரு?"

அவ கீழ குந்துனா. அந்தக் குழிக்குள்ள வெரல உட்டு மண்ணக் கிளறுனா. வெள்ளையா ஒரு கட்டி வந்துச்சு. வெரலுல வெச்சு நசுக்குனா. மோந்து பாத்தா.

எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. கை தானாப் போயிருக்குது.

"என்னது அது?"ங்குது அண்ணன்.

"துண்ணூறுங்க மாமா"ன்னா. என்னையப் பாத்தா. பாத்துகிட்டே அந்த மண்ணும் துண்ணூறுமா இருந்தத நெத்தியில இழுத்துகிட்டா, நல்லா மூணு வெரலுலயும். "நானுதான் போட்டன். சாமி கும்புட்டுட்டு ஒரு பாத்தி மட்டும் அத்தை மாதிரி நட்டுப் பாக்கலாம்னு."

பொய் சொல்றா! பச்சப் பொய்! அவ போடல, எனக்குத் தெரியாதா?

அண்ணன் என்ற மடியப் பாத்துச்சு. துண்ணூறுப் பை அங்கதான் இருந்துச்சு, எப்பவும் இருக்கற எடத்துல. சந்துரு வேற பக்கம் திரும்பிகிட்டான். அண்ணன் துண்ட ஒதறித் தோளுல போட்டுகிட்டு, "தோட்டம் மேகலா பாக்கட்டும்"னு சொல்லிட்டு நடந்துருச்சு. என்ற பேரச் சொல்லக்கூட இல்ல.

"மாமா, நாலாவது பாத்தி அத்தைக்கே இருக்கட்டுங்க"ன்னா அவ பின்னாலயே.

"உம் பிச்ச எனக்கு வேண்டாம்"னன்.

"பிச்சையில்லீங்க. என்னோட எட்டுல ஒண்ண நீங்க எடுத்துகிட்டீங்க. உங்களது உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்றன்." அண்ணனுக்குக் கேக்காத அளவுக்கு மெல்லமாச் சொன்னா. "ஏங்கத்தை, நீங்க மண்ணுக்குள்ள எதப் போட்டாலும் அடையாளம் வெச்சுத்தான் போடுவீங்களா?"

கேட்டுட்டு நெத்தியத் தொடைக்காமயே போனா. ஊரு முச்சூடும் அந்த நெத்தியோடதான் நோம்பிச் சோறு பரிமாறுனா. பாக்கறவங்க எல்லாம், பக்தியான மருமகளுன்னு சொன்னாங்க. எங்கிட்டயே வந்து சொன்னாங்க.


ஆடி 19, திங்கள்

அடுப்படி.


ஆடி 23, வெள்ளி

வெளக்குப் பூசைக்குக் கோயிலுக்குப் போனன். "ஏனுங் மயிலக்கா, தோட்டத்த மருமக கையில குடுத்துட்டீங்களாம்? நல்ல மனசுங்க உங்களுக்கு"ன்னு ஒருத்தி சொன்னா. ஆமான்னன். நானாத்தான் குடுத்தன்னு சொன்னன். கோயிலுக்குள்ள நின்னு சொன்னன். முருகா, நீ மாரியாத்தா கோயில்ல நடக்கறத எல்லாம் கேக்கறியா என்னவோ.


ஆடி 27, செவ்வாய்

அவங்கப்பன் வண்டியில ஒரு தட்டு நாத்துக் கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டுப் போனாரு. பண்ணையில கழிச்சுப் போட்டதாம். நீண்டு, வெளுத்து, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு கெடக்குது.

"இதெதுக்கு?"ன்னன்.

"உங்க பாத்திக்குங்கத்தை"ன்னா அவ. "வேண்டாம்னா ஆட்டுக்குப் போட்டுருங்க."

ஆட்டுக்குப் போடறதுக்குத்தான் எடுத்துட்டுப் போனன். ஆடு திங்கல. அதுக்குக்கூட இந்த நாத்து வேண்டாம். தட்ட நெழலுல வெச்சு ஒரு செம்பு தண்ணி தெளிச்சன். வாடுனத வாசல்ல வெச்சிருந்தா ஊட்டுக்கு ஆகாது, அதுக்காக.


ஆடி 29, வியாழன்

காலண்டரப் பாத்தன். சமநோக்கு. நாளு பாத்தது பழக்கத்துல, வேற ஒண்ணுமில்ல.

அவ பண்ணைக்குப் போயிட்டான்னு நெனச்சுத்தான் மம்முட்டிய எடுத்துகிட்டுப் போனன். நாலாவது பாத்தியக் கொத்திச் சமம் பண்ணுனன். கீழ் எலையக் கிள்ளிப் போட்டன். பள்ளம் பறிச்சன், ஆனா அவளாட்டம் பாத்தி நீளத்துக்கு இல்ல. குறுக்கால, கெழக்கு மேக்கா. அம்பத்தாறு வயசுல எனக்கு ஒருத்தி நடச் சொல்லிக் குடுக்க வேண்டாம். எல்லாத்தயும் கெழக்க தலை வெச்சுப் படுக்க வெச்சன். சூரியன் மொகத்துல முழிக்கட்டும். தெக்க வெக்க மாட்டன், செத்தாலும் வெக்க மாட்டன்.

மொத நாத்த வெச்சதும் கை மடிக்குப் போச்சு. எடுத்துட்டன், துண்ணூறு வெரலுல இருந்துச்சு. திரும்பப் பைக்குள்ளயே போட்டன்.

பின்னால வளையல் சத்தம் கேட்டுச்சு. வரப்புல நின்னுகிட்டு இருக்கறா, எப்ப வந்தாளோ. பண்ணைக்குப் போகவே இல்ல.

"அத்தை, துண்ணூறு மறந்துட்டீங்க."

திரும்பிப் பாக்கல. அடுத்த நாத்தப் படுக்க வெச்சு மண்ண மூடுனன்.

"மறக்கல"ன்னன்.

அவ வரப்ப உட்டு எறங்குனா. அப்பறம் தண்ணி மடைய என்ற பாத்திப் பக்கம் திருப்பி உட்டுட்டுப் போனா. நானு கூப்புடல, அவளும் சொல்லல.

முருகா நூத்தியெட்டு எழுதிட்டன். கை வலிக்கல.